கொல்லைப்புறத்தில் ஒரு மேடை

சிங்கப்பூரிலோ டல்லாஸிலோ வேலை பார்க்கும் பிள்ளை விடுமுறைக்குப் பிள்ளையார்பட்டி வருகிறான். கோயிலுக்குப் போய்வந்து, ஆத்தா கையால் பணியாரம் சாப்பிட்டு முடித்ததும் கைப்பேசியை எடுத்து நீட்டுகிறான். "அப்பச்சி, நம்ம கொல்லையில இது மாதிரி ஒரு டெக் போட்டுருவமா?" படத்தில் பழுப்புப் பலகை பாவிய தளம், இரண்டு சாய்வு நாற்காலி, சுற்றிலும் பச்சைப் புல். அப்பச்சி படத்தைப் பார்க்கிறார். பிறகு கொல்லையைப் பார்க்கிறார். அங்கே ஒரு கிணறு, துவைகல், முருங்கை, இரண்டு தென்னை, ஓரமாகக் கழிவுநீர்த் தொட்டியின் சிமெண்ட் மூடி. "போடலாம்தான். எங்கிட்டுப் போடுறது?" என்கிறார்.

சரியான கேள்வி. எந்த மரம், என்ன விலை என்பதெல்லாம் அப்புறம் வரவேண்டியவை.

படத்தில் இருக்கும் அந்த மரத்தளம் பேர் வாங்கியது அமெரிக்காவின் மேற்குக் கரையில். 1948-இல் கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் டொனெல் குடும்பத்துக்காகத் தாமஸ் சர்ச் என்ற தோட்ட வடிவமைப்பாளர் அமைத்த தோட்டத்தைக் கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். குன்றின் மேல் ஏற்கெனவே நின்ற ஓக் மரங்களை வெட்டாமல், அவற்றுக்கு இடம் விட்டுச் சுற்றிலும் ரெட்வுட் பலகையால் தளம் போட்டார் சர்ச். அந்த மண்ணுக்கு அது பொருந்தியது. நிலம் சரிவு, மண்ணைக் கொட்டி மேடாக்குவதைவிடக் கால் நட்டுப் பலகை அடிப்பது சுலபம். மழை குறைவு. ரெட்வுட் மரமோ பக்கத்துக் காட்டிலேயே விளைகிறது. சிவகங்கைச் சீமையில் கணக்கு தலைகீழ். நிலம் சமதளம், கல் அருகில் கிடைக்கும், நல்ல மரம் தங்க விலை, வெயில் வருஷத்தில் பாதிக்கு மேல். போதாக்குறைக்குக் கரையான்.

ஆகவே படத்தை அப்படியே கொத்தனாரிடம் காட்டி, "இதே மாதிரி" என்பது செலவுக்கு வழி. படத்தில் பிடித்துப்போனது என்ன என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: சாயங்காலம் காற்றாட நாலு பேர் உட்கார ஒரு இடம். அந்த இடத்தைக் கட்டுவதில் இந்த வட்டாரத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம் இருக்கிறது.

செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பை யுனெஸ்கோ 2014-இல் தன் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. நகரத்தார்களின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றான கற்பக விநாயகர் கோயில் இருக்கும் பிள்ளையார்பட்டியும், அதைச் சுற்றியுள்ள குன்றக்குடி, ஆத்தங்குடி, காரைக்குடியும் செட்டிநாட்டின் பழைய வீடுகளைப் பார்க்க நல்ல இடங்கள். முகப்பில் திண்ணை. உள்ளே போனால் வளவு, நடுவே வானம் பார்த்த முற்றம். அதற்குப் பின் இரண்டாம் கட்டு, வசதிக்கேற்ப மூன்றாம் கட்டு, அடுப்படி, கடைசியில் கொல்லை. பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தலைவாசலில் நின்று பார்த்தால் நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் நின்று, கொல்லை வாசல் வெளிச்சம் வரை கண்ணுக்குத் தெரியும். காற்றும் அந்த வழியாகத்தான் போய்வரும்.

அந்த ஏற்பாட்டில் உட்கார்ந்து பேசுவதற்கு முன்பக்கம், விசேஷத்துக்கு வளவு, வேலைக்குப் பின்பக்கம் என்று பிரிவு இருந்தது. கொல்லை என்றால் மாடு, விறகு, அம்மி, உரல், நெல் அவியும் அண்டா. அங்கே சாய்வு நாற்காலி போட்டு உட்கார யாருக்கும் தோன்றியிருக்காது.

இப்போது கட்டும் வீடு ஐந்து சென்ட், ஆறு சென்ட். முன்பக்கத்தைக் கார் எடுத்துக்கொண்டது. திண்ணை இருந்த இடத்தில் சுற்றுச்சுவரும் இரும்புக் கேட்டும். தெருவைப் பார்த்து உட்காரும் பழக்கமும் குறைந்துவிட்டது. உட்காரும் ஆசை மட்டும் போகவில்லை. அது வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்து நிற்கிறது. மகன் கேட்கும் டெக் ஒருவகையில் இடம் மாறிய திண்ணை. இப்படி எடுத்துக்கொண்டால் பல முடிவுகள் தாமாகவே தெளிந்துவிடும்.

முதல் வேலை, தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் வரைவது. கழிவுநீர்த் தொட்டி, அதன் குழாய் போகும் வழி, ஆழ்துளைக் கிணறு, மழைநீர் சேகரிப்புக் குழி, தண்ணீர்த் தொட்டி, மின்கம்பி. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழி பெரும்பாலும் பின்பக்கம்தான் இருக்கும். அதன் மேல் மேடை எழுப்பினால் சட்டத்தை மீறுவதோடு நம் கிணற்றையும் நாமே வறள வைக்கிறோம். கழிவுநீர்த் தொட்டியின் மூடி கட்டாயம் திறக்கும்படி இருக்கவேண்டும். மேடையைக் கட்டி முடித்து இரண்டு வருஷம் கழித்துத் தொட்டி நிரம்பும்போது, லாரிக்காரர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு "மூடி எங்கண்ணே?" என்று கேட்கும் வீடுகள் உண்டு. ஆழ்துளைக் கிணற்றுக்கும் அப்படித்தான். மோட்டாரை மேலே இழுக்க ஆளும் சங்கிலியும் நிற்க இடம் வேண்டும்.

அடுத்தது வெயில். வீடு கிழக்கு வாசலாக இருந்தால் கொல்லை மேற்கே பார்க்கும். மதியம் இரண்டு மணி முதல் இருட்டும் வரை சூரியன் நேராக அங்கேதான் விழும். உட்கார ஆசைப்படும் நேரமும் அதுவே! சித்திரை, வைகாசியில் அந்த வெயிலில் கிடந்த கருங்கல் தளம் பொழுது சாய்ந்த பிறகும் வெகுநேரம் கால் வைக்க விடாது. ஆகவே மேற்குக் கொல்லைக்கு மேடையைவிடக் கூரைதான் முதல் செலவு. நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம், கீற்றுப் பந்தல், மேற்குப் பக்கம் மட்டும் இறக்கிவிடும் மூங்கில் தட்டி, எதுவானாலும் சரி. தெற்கு வாசல் வீட்டுக்குக் கொல்லை வடக்கே வரும்; வருஷத்தில் பெரும்பகுதி வீட்டின் நிழலே அதன் மேல் விழும். அப்படி அமைந்தவர் அதிர்ஷ்டக்காரர்.

மேடை முழுவதையும் நிழலாக்கிவிடவும் கூடாது. வீட்டில் ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவார்: வற்றல் எங்கே காயப்போடுவது, மிளகாய் எங்கே உலர்த்துவது? மூன்றில் ஒரு பங்கு வெயிலில், மீதி நிழலில் என்று பிரித்தால் இரண்டு வேலையும் நடக்கும். படத்தில் இருக்கும் அமெரிக்க வீட்டில் வடகம் பிழிவதில்லை.

மரநிழல் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் எல்லா மரமும் ஆகாது. முருங்கைக்கு அடியில் மேடை போட்டால் கம்பளிப்பூச்சிக் காலத்தில் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. தென்னைக்கு அடியில் உட்காருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேம்பு உத்தமம். பழமும் இலையும் உதிரும், கூட்டித் தள்ளவேண்டும், அவ்வளவுதான். மரம் நிற்கும் இடத்தில் வேரை வெட்டாமல், அடிமரத்தைச் சுற்றிக் காற்றும் தண்ணீரும் இறங்க இடம் விட்டுக் கட்டவேண்டும். சோனோமாவில் சர்ச் செய்ததும் அதைத்தான்.

உயரத்தைப் பற்றி ஒரு சுவாரசியமான ஒற்றுமை. பல அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதிகளின்படி, தளத்தைத் தாங்கும் மரச்சட்டம் மண்ணிலிருந்து 18 அங்குலத்துக்குள் இருந்தால், அது மருந்தூட்டிய மரமாகவோ இயல்பிலேயே உளுக்காத மரமாகவோ இருக்கவேண்டும். தளம் தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் போனால் கைப்பிடிச் சுவரோ கம்பியோ கட்டாயம். 18 அங்குலம் என்றால் ஒன்றரை அடி. காலைத் தொங்கப்போட்டு ஒரு ஆள் சுகமாக உட்காரும் உயரமும் அதுதான். எனவே ஒன்றரை அடியில் மேடையை நிறுத்தினால் கம்பி வேண்டாம், ஓரம் முழுக்க இருக்கையாகிவிடும், நாற்காலிச் செலவும் மிச்சம். படி இரண்டு போதும். வீட்டுப் படியின் உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மிதிக்கும் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது இந்தியாவின் தேசியக் கட்டட விதித் தொகுப்பில் உள்ள அளவு. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் படியை இன்னும் தாழ்த்தி, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கம்பி வைப்பது புத்திசாலித்தனம்.

இனி முக்கியமான முடிவு. மேடை உள்ளே பொள்ளலாக இருப்பதா, கெட்டியாக இருப்பதா?

படத்தில் இருப்பது பொள்ளல். கால்கள் நட்டு, அவற்றின் மேல் உத்திரம், அதன் மேல் சட்டம், அதன் மேல் பலகை. அடியில் ஒன்றரை அடி இருட்டு. டல்லாஸில் அங்கே என்ன குடியிருக்குமோ, பிள்ளையார்பட்டியில் குடியேறுவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் எலி, பின்னாலேயே பெருச்சாளி, அவற்றைத் தேடிக்கொண்டு பாம்பு. மழைக்காலத்தில் பொந்துகளில் தண்ணீர் ஏறியதும் நல்ல பாம்பும் கட்டுவிரியனும் உலர்ந்த இடம் தேடும். குழந்தைகள் காலைத் தொங்கப்போட்டு உட்காரும் ஓரத்துக்கு அடியிலேயே அந்த உலர்ந்த இடத்தை நாம் கட்டிக்கொடுத்துவிடுகிறோம். வலை அடித்து அடைக்கலாம். ஆனால் பெருச்சாளி தரைக்கு அடியில் குடைந்து வரும். அப்புறம் அதற்குள் காய்ந்த சருகைக் கூட்டி எடுக்கவும் முடியாது.

பழைய திண்ணையில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், அது உள்ளே இண்டு இடுக்கில்லாத மேடை. சுற்றிச் சுவர், நடுவே இடித்து இறுக்கிய மண், மேலே தளம். செட்டிநாட்டு வட்டாரத்தில் பலகை மேடை போட நினைப்பவர்களுக்கு நியாயமான வழி இரண்டையும் சேர்ப்பது: கீழே திண்ணை, மேலே பலகை.

பன்னிரண்டுக்குப் பத்தடி அளவில் ஒரு மேடையை எடுத்துக்கொள்வோம். வீட்டுச் சுவரோடு இணைக்காமல் ஒரு கை அகலமாவது தள்ளி வானம் தோண்டவேண்டும். இந்த இடைவெளியை வீண் என்று நினைக்கும் கொத்தனார்கள் உண்டு. புது மேடை மெல்ல இறங்கினாலும் பழைய சுவரில் விரிசல் விழாது என்பது ஒரு லாபம். மேடையில் தேங்கும் ஈரம் வீட்டுச் சுவரில் ஏறாது என்பது இன்னொன்று. அமெரிக்காவில் மரத்தளங்கள் இடிந்து விழும்போது வழக்கமாகக் கண்டுபிடிக்கப்படும் காரணம், தளத்தைத் தாங்கும் மரத்தை வீட்டுச் சுவரில் வெறும் ஆணியால் அடித்து நிறுத்தியிருப்பது. விருந்துக்கு நாற்பது பேர் ஏறியதும் ஆணி கழன்றுகொள்கிறது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, வீட்டு மாடமுகப்புக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் பாரம் தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறது. நம் பன்னிரண்டுக்குப் பத்தடி மேடைக்கு அது ஏறக்குறைய மூன்றரை டன். ஒரு சாந்தி கல்யாணத்தில் புகைப்படம் எடுக்கச் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறி நிற்பதை நினைத்தால் அந்தக் கணக்கு மிகையாகத் தோன்றாது. கெட்டி மேடைக்கு இந்தக் கவலையே இல்லை. பாரம் நேராக மண்ணுக்குப் போகிறது.

சுற்றுச்சுவருக்குச் செங்கல்லோ செம்புராங்கல்லோ போதும். உள்ளே நிரப்ப ஒன்றேகால் யூனிட் கிராவல் வேண்டியிருக்கும். மொத்தமாகக் கொட்டி மேலே தண்ணீர் விட்டுவிட்டுப் போகக்கூடாது. அரை அடி கனத்துக்கு ஒரு தடவை, தண்ணீர் தெளித்துத் திமுசால் இடித்து இறுக்கவேண்டும். மேடைகள் ஒரு மழைக்காலம் கழித்து நடுவில் குழி விழுவதற்கு இந்த ஒரு வேலையில் காட்டிய அவசரம்தான் காரணம். கரையான் மருந்து அடிப்பதும் இந்தக் கட்டத்தில்தான். அதற்கென்றே ஐ.எஸ். 6313 என்ற தரநிலை இருக்கிறது. மேலே நாலு அங்குலக் கான்கிரீட். அந்தக் கான்கிரீட்டுக்கு வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் கொடுக்கவேண்டும். டியூப்பில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்க்கும் கொத்தனாரிடம் அருகில் நின்று வாட்டத்தைச் சொல்லிச் செய்யவைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஒரு தடவை காய்ந்துவிட்டால் அதைத் திருத்த வழியே கிடையாது.

அந்தத் தளத்தின் மேல் இரண்டுக்கு இரண்டு அங்குலச் சட்டங்களை வாட்டம் போகும் திசையிலேயே படுக்கவைத்து, குறுக்கே பலகை. சட்டத்தை வாட்டத்துக்குக் குறுக்கே வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு குட்டி அணையாகித் தண்ணீரைத் தேக்கும். ஆசாரி யோசிக்காமல் செய்யும் தவறு இது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு நூல் இடைவெளி விடவேண்டும். ஈரத்தில் மரம் ஊதும்போது இடிக்காது, மழைத்தண்ணீரும் இறங்கும். பலகைகளை மூன்றடி, நாலடித் துண்டுகளாகச் சேர்த்து, இரண்டு பேர் தூக்கும்படி அமைத்தால் மாதம் ஒருமுறை தூக்கி அடியைக் கூட்டலாம். தேள் இருந்தால் தெரியும், கரையான் மண் கோடு போட்டிருந்தாலும் தெரியும்.

மரக் கணக்கு இப்படி வரும். 120 சதுர அடிக்கு ஒரு அங்குலக் கனப் பலகை என்றால் 10 கன அடி. பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாகப் பத்துச் சட்டம் வைத்தால் அதற்கு மூன்று கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 13 கன அடி, அறுப்புச் சேதாரம் தனி. இதையே கால் நட்டுப் பொள்ளலாகப் போட்டால் சட்டம் இரண்டுக்கு ஐந்து அங்குலமாவது வேண்டும். கால், உத்திரம் சேர்க்காமலேயே 17 கன அடி. தேக்கு விலையில் இந்த வித்தியாசம் கூரைச் செலவில் ஒரு பகுதிக்கு ஈடாகும்.

தேக்கு என்றதும் இந்த ஊர்க்காரர்கள் நினைவு பர்மாவுக்குத்தான் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார்கள் கப்பல் கப்பலாகத் தேக்கு கொண்டுவந்தார்கள். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும், 1948-இல் பர்மா விடுதலையடைந்து நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டதும் அந்த வாழ்வை முடித்துவைத்தன. பிற்பாடு பங்காளிகள் பல ஊர்களுக்குப் போய், பராமரிக்க ஆளில்லாமல் வீடுகள் இடிபடத் தொடங்கின. அவற்றின் தூண், நிலை, உத்திரம் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வந்து நிற்கின்றன.

மேடைக்கு அந்தப் பழைய மரம் நல்லதா? மரம் என்ற அளவில் மிக நல்லது. பல பத்தாண்டு உலர்ந்த மரம் இனி முறுக்காது, வெடிக்காது. ஆனால் வேலைப்பாடுள்ள தூணையோ நிலையையோ வாங்கிப் பலகையாக அறுப்பது பாவம். அது அப்படியே தாழ்வாரத் தூணாக நிற்கட்டும். அறுக்க வேண்டுமென்றால் வேலைப்பாடில்லாத உத்திரக்கட்டை, பரண் பலகை என்று கேட்டு வாங்கலாம். வாங்குமுன் ஆணி இருக்கும் இடங்களைத் தடவிப் பார்ப்பதும், வெளுத்த ஓரத்தை நகத்தால் கீறிப் பார்ப்பதும் அவசியம். தேக்கின் பெயரெல்லாம் உள்ளே இருக்கும் வைரத்துக்குத்தான். வெளுத்த புறப்பகுதியைக் கரையான் மற்ற மரத்தைப் போலவே தின்னும். புதுத் தேக்கிலும் இதே சோதனைதான், அதிலும் இளந்தேக்கில் வெளுப்பு அதிகம்.

இந்தப் பழைய வீடுகளில் கவனிக்க ஒன்று உண்டு. வளவைச் சுற்றி நிற்கும் தேக்குத் தூண்கள் எதுவும் நேராகத் தரையில் ஊன்றி நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் கருங்கல் ஆதாரம். முற்றத்தில் தெறிக்கும் மழைத்தண்ணீர் கல்லோடு நின்றுவிடும், மரத்தின் அடி நனையாது. கரையான் ஏற நினைத்தாலும் கல்லின் மேல் மண் கோடு போட்டுத்தான் ஏறவேண்டும், காலையில் பெருக்குகிறவர் கண்ணில் பட்டுவிடும். தாழ்வாரத்துக்கு நாலு தூண் நடுபவர்கள் இந்தக் கல்லை மட்டும் விட்டுவிடக்கூடாது.

பனங்கட்டையில் சட்டம் போடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று தமிழக அரசு 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. இடித்த வீட்டின் பழைய பனஞ்சட்டம் கிடைத்தால் வாங்கலாம். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து செய்யும் டபிள்யூ.பி.சி. பலகையைக் கடைக்காரர்கள் சிபாரிசு செய்வார்கள். கரையான் சீண்டாது, வார்னிஷ் வேண்டாம், உண்மைதான். ஆனால் நேர் வெயிலில் கரும்பழுப்பு நிறப் பலகை வெறுங்காலில் நிற்க முடியாதபடி சுடும், சூட்டில் நீளவும் செய்யும். அதனால் முனையில் இடைவெளி விட்டு, சட்டங்களை நெருக்கமாக வைத்து, வெளிர் நிறத்தில் வாங்கவேண்டும். கூரை இல்லாத இடத்தில் அதைப் போடுவதைக் காட்டிலும் வெறும் கல் பாவிவிடுவது மேல்.

மருந்தூட்டிய மரம் வாங்குகிறவர்கள் எந்த மருந்து என்று கேட்கவேண்டும். ஆர்சனிக் கலந்த மருந்தூட்டிய மரத்தை வீட்டு உபயோகத்துக்குத் தயாரிப்பதை அமெரிக்காவில் 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். குழந்தைகள் தவழும் பலகைக்கு அது வேண்டாம். இந்தப் பக்கத்தில் பரம்பரையாக மரத்துக்குப் பூசும் முந்திரித் தோட்டு எண்ணெய் நல்ல காப்புதான். பூசும்போது கையில் பட்டால் தோல் வெந்துபோகும், உறை போட்டுக்கொள்ளவேண்டும். உட்காரும் பலகைக்கு அதைவிட ஆளிவிதை எண்ணெய் பொருத்தம். எதுவும் பூசாவிட்டாலும் தேக்கு கெடாது. ஒன்றிரண்டு வருஷத்தில் சாம்பல் நிறமாகும். சிலருக்கு அந்த நிறம் பிடிக்கும்.

திருகாணியில் மிச்சம் பிடிக்கக் கூடாது. சாதாரண இரும்பு ஆணி தேக்கில் துருப்பிடித்துக் கறுப்பாக வழியும். துருப்பிடிக்காத எஃகில், 304 ரகத்தில் வாங்கவேண்டும். துருவைப் பற்றி நாடே கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆய்வுக்கூடம் பிள்ளையார்பட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் காரைக்குடியில் இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது.

பலகையே வேண்டாம், ஆத்தங்குடிக் கல் பதித்துவிடலாம் என்று பாதி வேலையில் மனம் மாறுகிறவர்கள் உண்டு. ஆசை நியாயமானது. கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுத் தகட்டுக்குள் வண்ணச் சிமெண்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றி, தகட்டைத் தூக்கியதும் பூ தனியே நிற்கும். அதன் மேல் சிமெண்டும் மணலும் தூவி அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால், கண்ணாடி கழன்றதும் அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். சூளை கிடையாது. அந்தக் கல்லின் நிறமும் பளபளப்பும் கூரைக்குக் கீழே தலைமுறை தாண்டும். ஆனால் நேர் வெயிலிலும் மழையிலும் நிறம் மங்கும், பாசி பிடித்தால் வழுக்கும், புளியோ எலுமிச்சையோ சிந்தினால் சிமெண்டை அரிக்கும். தாழ்வாரத்துக்குள் வரும் பகுதிக்கு ஆத்தங்குடி, வெயிலில் கிடக்கும் பகுதிக்குச் சொரசொரப்பான கருங்கல் என்று பிரிப்பதே சரி.

அனுமதி விஷயம். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. புது வீடு கட்டுகிறவர்கள் மேடையையும் தாழ்வாரத்தையும் அந்த வரைபடத்திலேயே காட்டிவிடலாம். ஏற்கெனவே கட்டிய வீட்டில் சேர்ப்பவர்கள், கூரை போடுவதாக இருந்தால், பின்பக்கம் விடவேண்டிய காலியிடத்துக்குள் அது வருகிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்கவேண்டும். பக்கத்து வீட்டுக் கொல்லைக்குள் நம் கூரைத் தண்ணீர் விழுந்தால் வரும் சண்டைக்கு எந்த அலுவலகத்திலும் அனுமதி கிடைக்காது. வாஸ்து பார்ப்பவர்கள் ஈசானி மூலையில் மேடு கூடாது என்பார்கள். கொல்லையின் அந்த மூலையில்தான் பெரும்பாலும் கிணறு இருக்கும். கிணற்றுக்குப் பக்கத்தில் மேடை எழுப்பாமல் இருக்க அது ஒரு சாக்காகவாவது உதவும்.

வேலையை எப்போது தொடங்குவது? இந்தப் பக்கம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். தை பிறந்ததும் வானம் தோண்டினால் கான்கிரீட் நனைந்து இறுகவும், கிராவல் படியவும், மரம் உலரவும் போதிய நாள் கிடைக்கும். பணம் நெருக்கடியாக இருந்தால் முதல் வருஷம் மேடையும் கூரையும் மட்டும் போதும். ஒரு மழைக்காலம் போகட்டும். தண்ணீர் எங்கே நிற்கிறது, வெயில் எத்தனை மணி வரை அடிக்கிறது, வீட்டில் யார் எந்த ஓரத்தில் உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு அடுத்த தையில் பலகைக்கு ஆசாரியைக் கூப்பிடலாம். அதற்குள் பலகையே வேண்டாம் என்று தோன்றினாலும் நட்டமில்லை. கல் பாவிய திண்ணையாக அந்த மேடை நிற்கும்.